கால் காயணும், பலகை பச்சையா இருக்கணும்
ஆடிக்காற்றில் விழுந்த மரத்தில் முக்காலியும் பெஞ்சும் செய்வது எப்படி?



ஆனி, ஆடி மாதங்களில் கம்பம் கணவாய் வழியாக வீசுகிற காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வீரபாண்டி, கோட்டூர், சீலையம்பட்டி, சின்னமனூர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒடிந்த கிளையும் சாய்ந்த மரமும் கிடக்கும். அடுத்த நாளே விறகு வியாபாரி வந்து நிற்பார். "இதை அள்ளுற கூலிக்கே சரியாப் போயிரும் ஆத்தா" என்று சொல்லி, கையில் கொஞ்சம் கொடுத்துவிட்டு ஏற்றிக்கொண்டு போவார். நாமும் இடம் காலியானால் போதும் என்று விட்டுவிடுவோம்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் குழு உறுப்பினர் ஒருவரின் தோட்டத்தில் ஒரு வாகை மரத்தின் பெரிய கிளை ஒடிந்து விழுந்தது. "விறகுக்குக் கொடுக்க வேண்டாம், முக்காலி செய்து சித்திரைத் திருவிழாவில் கடை போடலாம்" என்று கூட்டத்தில் முடிவு செய்தோம். கௌமாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வரும் கூட்டம்தான் நமக்குத் தெரியுமே! செய்ததெல்லாம் விற்றுவிட்டது. ஆனால் வைகாசி முடிவதற்குள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் கால் ஆடியது. ஒரு பாட்டி உட்காரும்போது கால் கழன்று கீழே விழுந்துவிட்டார். நல்ல வேளை, அடி பெரிதாகப் படவில்லை. வாங்கியவர்கள் எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

பிறகு எங்கள் பக்கத்து ஊரில் வண்டிச்சக்கரம் செய்து வந்த வயதான ஆசாரி ஒருவரிடம் ஒரு முக்காலியைக் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் காலைத் திருகிப் பார்த்தார். ஒரே வார்த்தைதான் சொன்னார்: "கால் காயணும்மா, பலகை பச்சையா இருக்கணும். நீங்க எல்லாத்தையும் பச்சையாவே அடிச்சிட்டீங்க."

அந்த ஒரு வார்த்தையின் பொருள்தான் இந்தக் கட்டுரை.

மரம் ஏன் சுருங்குகிறது?

வெட்டிய புதிதில் மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீராகவே இருக்கும். சில மரங்களில் அதற்கும் மேல் உண்டு. அந்தத் தண்ணீர் போகப் போக மரம் சுருங்கும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. இதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

• நீளவாக்கில் மரம் சுருங்குவதே இல்லை என்று சொல்லிவிடலாம். 4 அடி பெஞ்சு காய்ந்த பிறகும் 4 அடியாகவே இருக்கும்.
• அகலவாக்கில்தான் சுருக்கம். 10 அங்குல அகலப் பலகை, மரத்தைப் பொறுத்து கால் அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை குறையும்.
• மரத்தின் வளைய வாக்கில் சுருங்குவது, நடுவில் இருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் பச்சையில் உருண்டையாகச் செதுக்கிய கால் காய்ந்ததும் முட்டை வடிவம் ஆகிவிடுகிறது.

இப்போது எங்கள் முக்காலிக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். பச்சைக் காலைத் துளையில் இறுக்கமாக அடித்தோம். காய்ந்ததும் கால் சிறுத்து, வட்டத் துளைக்குள் முட்டை வடிவக் கால் நின்றது. ஆடாமல் என்ன செய்யும்?

இதையே மாற்றிச் செய்தால்? நன்றாகக் காய்ந்த காலை, இன்னும் ஈரம் இருக்கிற பலகையில் அடிக்கிறோம். கால் இனிமேல் சிறுக்காது. பலகையின் ஈரத்தைக் கொஞ்சம் வாங்கி லேசாக ஊதவும் செய்யும். பலகையோ நாளுக்கு நாள் சுருங்கிக் காலைக் கவ்விப் பிடிக்கும்.

மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். பட்டையை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி விரிய வைத்து மாட்டுவார்கள். தண்ணீரை ஊற்றியதும் அது சுருங்கி, ஆரக்கால், குடம் எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கிவிடும். அங்கே சூடு செய்கிற வேலையை இங்கே ஈரம் செய்கிறது. ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம்.

இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற ஊர் நாற்காலிக்குப் பேர் போனது. அதைச் சுற்றியுள்ள காடுகளில் 'பாட்ஜர்' என்று அழைக்கப்பட்ட தொழிலாளிகள், மரம் வெட்டிய இடத்திலேயே கொட்டகை போட்டு, பச்சை மரத்தைப் பிளந்து நாற்காலிக் கால் கடைந்தார்கள். அந்தக் கால்களைக் காயப்போட்டு, 144 கால் ஒரு குரோஸ் என்று எண்ணி நாற்காலிப் பட்டறைகளுக்கு விற்றார்கள். காட்டிலேயே வேலை முடிவதால் பெரிய மரத்தை வண்டியில் ஏற்றி இழுக்கும் செலவு அவர்களுக்கு இல்லை. நமக்கும் அதே லாபம்தான். மரம் விழுந்த தோட்டத்திலேயே பாதி வேலையை முடித்துவிடலாம்.

பச்சை மரத்தில் நமக்கு என்ன வசதி?

1. பச்சை மரம் மென்மையாக இருக்கும். வைரம் பாய்ந்து காய்ந்த கட்டையைச் செதுக்க ஆசாரி வேண்டும். பச்சைக் கட்டையை நாமே அரிவாளால் செதுக்கலாம்.
2. மர அறுவை மில்லுக்குப் போக வேண்டாம். கோடாரியும் ஆப்பும் போதும்.
3. பிளந்த கால், அறுத்த காலைவிட உறுதியானது. ரம்பம் நாரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். ஆப்பு நார் ஓடுகிற வழியிலேயே போகும். மேலிருந்து கீழ்வரை நார் அறாமல் இருக்கும் கால் எளிதில் முறியாது.

எந்த மரம் எதற்கு ஆகும்?

தூங்குமூஞ்சி: உட்காரும் பலகைக்கு மிக நல்லது. மற்ற மரங்களைவிடச் சுருக்கம் மிகக் குறைவு. ஹவாய்த் தீவுகளில் இந்த மரத்தைப் பச்சையாகவே குடைந்து கிண்ணம் செய்கிறார்கள், வெடிப்பதில்லை. நார் பின்னிக் கிடப்பதால் பிளப்பதுதான் சிரமம். பலகையாக அறுத்து வாங்குவது நல்லது.

வாகை: பலகைக்கும் ஆகும், காலுக்கும் ஆகும். இதன் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

வேம்பு, பூவரசு: இரண்டுக்கும் ஆகும். எளிதில் கிடைப்பவை.

கருவேலம்: காலுக்கு அருமை. கலப்பைக்கும் வண்டிக்கும் நம் முன்னோர் பயன்படுத்திய மரம்.

சீமைக்கருவேலம்: கனமானது, சுருக்கம் குறைவு. நேராக உள்ள துண்டு கிடைத்தால் காலுக்கு விடாதீர்கள். கரிமூட்டம் போடுகிறவர்கள் ஒதுக்கும் அளவு துண்டே நமக்குப் போதும். முள் கவனம்.

சவுக்கு: நேராகப் பிளக்கும், காலுக்கு ஏற்றது.

தவிர்க்க வேண்டியவை: முருங்கை, இலவம், கல்யாண முருங்கை ஆகியவை உறுதி இல்லாதவை. தென்னையின் நடுப்பகுதி சோறு போல இருக்கும், பிளந்து செய்யும் வேலைக்கு வராது. புளி உறுதியானதுதான், ஆனால் கை பழகாதவர்கள் பிளக்க முடியாது.

எந்த மரமானாலும் பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதியில்தான் முதலில் வண்டு விழும். முடிந்தவரை வைரப் பகுதியைப் பயன்படுத்துங்கள்.

யாருடைய மரம்?

நம் பட்டா நிலத்தில் விழுந்த மரம் நம்முடையது. சாலை ஓரம், கண்மாய்க் கரை, புறம்போக்கு, கோயில் இடம் ஆகியவற்றில் விழுந்தது நம்முடையது அல்ல. ஊராட்சி, பேரூராட்சி அல்லது அந்தத் துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்கியே எடுக்க வேண்டும். சந்தனம், ஈட்டி, செம்மரம், தேக்கு போன்றவை என்றால் சொந்த நிலமானாலும் வனத்துறையிடம் கேட்காமல் தொடாதீர்கள். போடி மலை, மேகமலைப் பக்கம் உள்ள சகோதரிகளுக்குக் கூடுதலாக ஒன்று: அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளுக்கு 1955-ஆம் ஆண்டு முதல் தனியாக மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் அங்கே அனுமதி வேண்டும்.

முக்காலிக்காக நிற்கிற மரத்தை வெட்ட வேண்டாம். விழுந்ததும் கவாத்து செய்ததுமே நமக்குப் போதும்.

தேவையான கருவிகள்

கோடாரி, இரும்பு ஆப்பு 2, சம்மட்டி, அரிவாள், உளி, கொட்டாப்புளி, கைரம்பம், இழைப்புளி, அளவு டேப், துளை போடும் டிரில் மெஷின், ஒன்றேகால் அங்குல (32 மில்லிமீட்டர்) பிட். டிரில் மெஷினைத் தனியாக வாங்க வேண்டாம். குழுவுக்கு ஒன்று போதும். முதலில் ஆசாரியிடம் கூலி கொடுத்துத் துளையை மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

செய்முறை

1. முனைகளை மூடுங்கள். மரம் விழுந்த அன்றே இதைச் செய்ய வேண்டும். கட்டையின் வெட்டுமுகத்தின் வழியாகத் தண்ணீர் மிக வேகமாக வெளியேறும். ஆடிக்காற்று என்றால் கேட்கவே வேண்டாம், இரண்டே நாளில் முனை நட்சத்திரம் போல வெடித்துவிடும். சாணமும் களிமண்ணும் குழைத்து இரண்டு முனையிலும் கெட்டியாகப் பூசுங்கள். மீந்துபோன பெயிண்ட், உருக்கிய மெழுகு இருந்தால் இன்னும் நல்லது. கட்டையை நிழலில் போடுங்கள்.

2. முதலில் கால்களைச் செய்யுங்கள். காலுக்குத்தான் காயும் நேரம் வேண்டும். கணு இல்லாத நேரான கிளையை 20 அங்குலத் துண்டாக அறுத்து, ஆப்பு வைத்து நான்காகப் பிளந்துகொள்ளுங்கள். ஒன்றேமுக்கால் அங்குலக் கனம் வரும்வரை அரிவாளால் செதுக்குங்கள். எட்டுப் பட்டையாக இருந்தால் போதும், பார்க்க அழகாகவும் இருக்கும். மேல்முனை 4 அங்குலத்தை மட்டும் ஒன்றரை அங்குலக் கனத்தில் விடுங்கள். இப்போதே துளை அளவுக்குச் செதுக்கிவிட்டால் காய்ந்ததும் துளைக்கு லூசாகிவிடும்.

3. கால்களைக் காயப்போடுங்கள். காற்று நேராக அடிக்காத நிழலில், ஒன்றன்மேல் ஒன்று ஒட்டாமல் அடுக்குங்கள். அடுப்படிப் பரண் நல்ல இடம். காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? தராசில்தான். ஒரு காலில் பென்சிலால் குறியிட்டு வாரம் ஒரு முறை எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக 700 கிராம் இருந்த கால் 620, 550, 500 என்று இறங்கி ஓர் இடத்தில் நின்றுவிடும். இரண்டு வாரம் எடை மாறாமல் நின்றால் காய்ந்தது என்று பொருள். பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் ஆகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இன்னும் கூடுதலாக ஆகும்.

4. பலகையைப் பிளந்து எடுங்கள். அடுத்த கட்டையை இதுவரை சாணம் பூசி நிழலில் ஈரத்தோடு வைத்திருப்பீர்கள். ஓர் அடி விட்டமுள்ள கட்டையை 14 அங்குல நீளத்துக்கு அறுங்கள். அதை நடுவில் பிளந்தால் இரண்டு பலகை. நடு மையத்தில் இருக்கும் கருவை ஒரு விரல் கனத்துக்குச் செதுக்கி எறிந்துவிடுங்கள். வெடிப்பு அங்கேயிருந்துதான் தொடங்கும். பட்டையை உரித்துவிடுங்கள். பட்டைக்கு அடியில்தான் பூச்சி குடியிருக்கும். பலகை 2 அங்குலக் கனத்துக்குக் குறையக் கூடாது.

5. பலகையை இரண்டு வாரம் நிழலில் வையுங்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட இருக்கிற பலகையும் ஆகாது. அந்த ஈரத்தில் காய்ந்த கால் அளவுக்கு மேல் ஊதி, நார் நசுங்கி, பிறகு லூசாகிவிடும். தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், கையில் ஈரம் ஒட்டக் கூடாது. அதுதான் பக்குவம். மாவு பிசையும் கைக்கு இந்தப் பக்குவம் சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

6. துளை போடுங்கள். ஒரு பக்கம் இரண்டு, எதிர்ப்பக்கம் நடுவில் ஒன்று. ஓரத்தில் இருந்து இரண்டரை அங்குலம் உள்ளே தள்ளிக் குறியிடுங்கள். கால்கள் வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். எவ்வளவு சாய்வு? 12 அங்குல உயரத்துக்கு 3 அங்குலம். பழைய காலண்டர் அட்டையில் இந்த அளவுக்கு ஒரு முக்கோணம் வெட்டிப் பக்கத்தில் நிறுத்தி, டிரில் மெஷினை அதே சாய்வில் பிடியுங்கள். மெஷின் பலகையின் நடுவை நோக்கிச் சாய்ந்திருந்தால் துளை வெளிப்பக்கம் போகும். காலின் அடி பலகையின் விளிம்புக்கு உள்ளே நின்றால் முக்காலி கவிழும். இதில் கவனக் குறைவு வேண்டாம்.

7. கால் முனையை அளவுக்குச் செதுக்குங்கள். காய்ந்த வேறு துண்டில் அதே பிட்டால் ஒரு துளை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் அளவுகோல். கால் முனை அதில் தட்டித்தான் இறங்க வேண்டும். கையால் தள்ளினாலே இறங்கினால் அந்தக் கால் வேண்டாம். செதுக்கி முடித்ததும் அந்த முனைகளை மட்டும் இன்னொரு முறை உலர்த்துங்கள். கடலை வறுக்கிற மாதிரி மணலைச் சட்டியில் சூடாக்கி இறக்கி, முனைகளை அதில் சொருகி வைத்தால் மிச்ச ஈரமும் போய்விடும். மணலைத் தொட்டால் சுட வேண்டும், மரம் கருகக் கூடாது.

8. அடித்து ஆப்பு வையுங்கள். கால் முனையில் ரம்பத்தால் ஓர் அங்குல ஆழத்துக்கு ஒரு கீறல் போடுங்கள். காலைத் துளையில் சொருகிக் கொட்டாப்புளியால் அடியுங்கள். முனை பலகைக்கு மேலே அரை அங்குலம் வெளியே வரட்டும். அந்தக் கீறலில் காய்ந்த கருவேல ஆப்பை அடியுங்கள். கீறலும் ஆப்பும் பலகையின் நாருக்குக் குறுக்கே இருக்க வேண்டும். நார் ஓடுகிற வாக்கிலேயே ஆப்பை அடித்தால் பலகை இரண்டாகப் பிளந்துவிடும். நீட்டிக்கொண்டிருக்கும் முனையை இப்போதே அறுக்காதீர்கள். பலகை காய்ந்த பிறகு அறுத்துச் சமப்படுத்துங்கள்.

9. காலைச் சமமாக அறுங்கள். சமமான தரையில் முக்காலியை வைத்து, பலகை மட்டமாகும் வரை காலுக்கு அடியில் சிராய்த் துண்டுகளைக் கொடுங்கள். ஒரு சிறு கட்டைமேல் பென்சிலைக் கிடத்தி, அதே உயரத்தில் எல்லாக் காலையும் சுற்றிக் கோடு போட்டு அறுத்துவிடுங்கள்.

10. மறுபடியும் காயட்டும். நிழலில் 4 வாரம். இந்த நான்கு வாரத்தில்தான் பலகை காலைக் கவ்வுகிறது. அதன் பிறகு மேல்பக்கத்தை இழைத்து, எண்ணெய் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் காயாது, பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய்தான் காய்ந்து படலமாகும். ஆனால் அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து வையுங்கள்.

உயரம் எவ்வளவு?

அடுப்படியில், பூக்கட்டும் இடத்தில், பால் கறக்க உட்காரும் முக்காலிக்கு 9 முதல் 10 அங்குலம். மூட்டு வலி உள்ள பெரியவர்களுக்கு 17 முதல் 18 அங்குலம். அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு 9 முதல் 10 அங்குலம்.

"மூணு கால் எதுக்குங்க, நாலு காலே வைக்கலாமே?" என்று ஒரு சகோதரி கேட்டார். மேடு பள்ளமான மண் தரையில் மூன்று கால் எப்போதும் ஆடாது. நான்கு கால் என்றால் தரை சமமாக இருக்க வேண்டும். ஆனால் முக்காலியில் ஓரமாகச் சாய்ந்தால் கவிழும். அதனால் மிக வயதானவர்களுக்கு 17 அங்குல உயரத்தில் செய்தால் நான்கு கால் வையுங்கள்.

பெஞ்சு செய்வதானால்

பெரியவர்கள் விசுப்பலகை என்று சொல்வார்களே, அதே பெஞ்சுதான். முறை ஒன்றுதான், அளவுதான் வேறு. 4 அடி நீளம், 10 முதல் 11 அங்குல அகலம், மூன்று அங்குலக் கனம். முனையில் இருந்து 9 அங்குலம் தள்ளி இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கால். கால் 2 அங்குலக் கனம், துளை ஒன்றரை அங்குலம். நீளக் கட்டையைப் பிளக்க, ஒரு முனையில் முதல் ஆப்பை அடித்து, வெடிப்பு ஓடும் வழியில் அடுத்த ஆப்பை வைத்து, முன்னால் வைத்ததை எடுத்து மறுபடி முன்னே வைத்துக்கொண்டே போக வேண்டும். இது தனி ஆளால் ஆகாது. மூன்று பேர் வேண்டும்.

பாதுகாப்பு

சேலையை இறுக்கிச் சொருகிக்கொள்ளுங்கள், முந்தானை தொங்கக் கூடாது. வெறும் காலோடு கோடாரி எடுக்காதீர்கள். அரிவாள் எப்போதும் உடம்பை விட்டு வெளியே போகிற மாதிரி வெட்டுங்கள். இரும்பு ஆப்பின் தலை மடங்கிப் பூப்போல விரிந்திருந்தால் அரத்தால் தேய்த்துவிடுங்கள், அந்தத் துண்டு தெறித்துக் கண்ணில் பாயும். பிள்ளைகள் 15 அடி தள்ளி இருக்கட்டும். வெட்டுக்காயம் பட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டி.டி. ஊசி போடத் தவறாதீர்கள்.

மரமே இல்லை, புதர்தான் இருக்கிறதா?

மலையடிவாரத்தில் உள்ள குழுக்கள் இப்படிக் கேட்கலாம். அவர்களுக்கு மாதேஸ்வரன் மலை நல்ல முன்மாதிரி. நம் மேட்டூரைத் தாண்டி, கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே காட்டை உன்னிச்செடி அடைத்துக்கொண்டது. வேலியோரம் முள்ளும் பூவுமாக நிற்குமே, அதே செடிதான். 200 ஆண்டுகளுக்கு முன் வெள்ளைக்காரர்கள் அழகுக்காகக் கொண்டுவந்தது. இதன் இலையைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெட்டுவிடும் என்பதும் நமக்குத் தெரியும்.

பெங்களூரில் உள்ள 'ஏட்ரி' என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் 2004-ஆம் ஆண்டில் அங்குள்ள சோளகர் முதலிய மக்களுக்கு உன்னிக் குச்சியில் நாற்காலி, முக்காலி, கூடை செய்யப் பயிற்சி தரத் தொடங்கியது. மூங்கிலும் பிரம்பும் கிடைக்காமல் போன கைகளுக்கு வேலை கிடைத்தது. முறை எளிது. பச்சைக் குச்சிகளைப் பெரிய டிரம்மில் தண்ணீர் ஊற்றிச் சில மணி நேரம் கொதிக்க வைக்கிறார்கள். பட்டை கழன்றுவிடும், குச்சி வளைந்து கொடுக்கும். சூடு ஆறுவதற்குள் வளைத்துச் சட்டத்தில் அடித்துவிட்டால் காய்ந்தபின் அந்த வடிவிலேயே நின்றுவிடும். இங்கேயும் ஈரத்தில் வளைத்து, காய்ந்து இறுகுவதுதான் சூட்சுமம்.

நீலகிரி, கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்கள் இதே உன்னிக் குச்சியில் நிஜ யானை அளவுக்கு யானைகள் செய்தார்கள். அந்த யானைகள் 2021-இல் லண்டன் பூங்காக்களிலும், 2024-இல் அமெரிக்காவிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. வேலியில் நிற்கும் களைச்செடிக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். மேகமலை 2021 முதல் திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்துவிட்டது. காட்டுக்குள் போய் வெட்ட வனத்துறை அனுமதி வேண்டும். நம் தோட்ட வேலியில் இருப்பதை வெட்டத் தடை இல்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

ஓர் அடி விட்டம், 5 அடி நீளமுள்ள பச்சைக் கட்டை சுமார் 100 கிலோ இருக்கும். அதை 14 அங்குலமாக அறுத்தால் 4 துண்டு. பிளந்தால் 8 பலகை. கால்களுக்குச் சிறு கிளைகள் போதும். ஆக, 100 கிலோ விறகு என்பது 8 முக்காலி. விறகு வியாபாரி 100 கிலோவுக்கு என்ன கொடுக்கிறார் என்று உங்களுக்கே தெரியும். பக்கத்தில் 8 முக்காலியின் விலையை எழுதிப் பாருங்கள்.

ஆனால் கூலியைப் போடாத கணக்கு கணக்கே இல்லை. பழகும்வரை ஒரு முக்காலிக்கு இரண்டு நாள் உழைப்பு பிடிக்கும். கை பழகியபின் ஒரு நாளில் முடியும். அந்த நாட்களுக்கு உங்கள் ஊர்க் கூலி, டிரில் பிட் தேய்மானம், எண்ணெய், வண்டி வாடகை எல்லாவற்றையும் எழுதுங்கள். அதற்கு மேல் நின்றால்தான் லாபம். முதல் ஆண்டில் கடன் வாங்கி இறங்க வேண்டாம். முதல் பத்து முக்காலியைக் குழு உறுப்பினர் வீடுகளிலேயே போட்டு, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போகட்டும். கால் ஆடவில்லை என்றால் பிறகு விற்கலாம். மாவட்டத்தில் உள்ள 'மதி' அங்காடிகளிலும், சரஸ் கண்காட்சியிலும் குழுப் பொருட்களுக்கு இடம் கேட்கலாம்.

விற்பதற்கு முன் மூன்று சோதனை

• தலைகீழாகக் கவிழ்த்து ஒவ்வொரு காலையும் திருகி இழுங்கள். அசையக் கூடாது.
• குழுவில் எடை கூடிய சகோதரி உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிப் பார்க்கட்டும். (கோபித்துக்கொள்ள வேண்டாம் அக்கா, இது முக்கியமான பதவி!)
• செய்து முடித்த தேதியை அடிப்பக்கம் எழுதுங்கள். அந்தத் தேதியில் இருந்து 4 வாரம் ஆகாததை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

மூன்றாவதுதான் கடினம். திருவிழா வந்துவிடும், வாங்க ஆள் நிற்கும், கை துறுதுறுக்கும். நாங்கள் அங்கேதான் தவறினோம். மரத்துக்குத் திருவிழாத் தேதி தெரியாது. சித்திரையில் விற்க வேண்டும் என்றால் கார்த்திகை கழிந்ததும் கால் செதுக்கத் தொடங்க வேண்டும். ஆடியில் விழுந்த கட்டைகளை அதுவரை காக்க, வெட்டுமுகத்துச் சாணப் பூச்சு உதிர உதிர மறுபடி பூசி நிழலில் வையுங்கள். ஒரு முழுக் கட்டையைப் பிளக்காமல் ஈரமாகவே வைப்பது பலகைக்கு நல்லதுதான்.

அன்று விழுந்த பாட்டிக்கு மறு ஆண்டு நான்கு கால் வைத்து ஒன்று செய்து கொடுத்தோம். வாசலில் போட்டு உட்கார்ந்திருக்கிறார். போகும்போதெல்லாம், "என்னத்தா, இன்னும் ஆடல" என்று தட்டிக் காட்டுகிறார்.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. நம் உறுப்பினர் தோட்டங்களில் சென்ற ஆடியில் எத்தனை மரம், கிளை விழுந்தது? என்ன விலைக்குப் போனது?
2. நம் ஊரில் மர வேலை தெரிந்த ஆசாரி யார்? இரண்டு நாள் வந்து சொல்லித்தர அவருக்கு என்ன கொடுக்கலாம்?
3. நம் வீடுகளில் தரையில் உட்கார்ந்து எழ முடியாமல் சிரமப்படுகிற பெரியவர்கள் எத்தனை பேர்? முதல் முக்காலி யாருக்கு?